சனிக்கு வளையம் தட்டை

மகனுக்கு இந்தப் பிறந்தநாளில் விண்வெளிதான் வேண்டுமாம். 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை என் மடியில் உட்கார்ந்து பார்த்தவன் ஆயிற்றே!

ரவா லட்டு நிலா ஆனது. முந்திரி உதிர்ந்த இடமெல்லாம் பள்ளம் என்று சமாளித்தேன். சனியின் வளையத்துக்குத் தட்டை மாவில் நடுவே ஓட்டை போட்டுப் பொரித்தேன். நான்கு உடைந்து, ஐந்தாவதுதான் லட்டில் நின்றது.

ரிட்டர்ன் கிஃப்ட், 'விண்கல்' கடலை உருண்டை. வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டு, உருட்டித் தட்டில் போட்டால் டங்கென்று கேட்க வேண்டும். முதல் ஈட்டை அவசரப்பட்டு இறக்கிவிட்டேன், பல்லில் ஒட்டியது. அது எங்கள் பங்கு.

ஒரு வாண்டு மட்டும், "ஆன்ட்டி, புளூட்டோ எங்கே?" என்றது. 2006-லேயே கோள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றேன். முறைத்தது. டப்பாவில் கிடந்த ஒரு சீடையை எடுத்துக் கையில் கொடுத்தேன்.