எட்டுக் காலும் ஒரு செருப்பும்

காங்கேயத்துக்காரன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சௌகரியம் உண்டு. எதிரே இருப்பவர் உடனே காளையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். கொம்பு, திமில், மயிலை, செவலை என்று அவரே அடுக்கிக்கொண்டு போவார். நாம் தலையை ஆட்டினால் போதும். இதுநாள்வரை ஒருவர்கூட என்னிடம், "உங்கள் ஊரில் என்ன பூச்சிகள் உண்டு?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் திண்டாடித்தான் போயிருப்பேன். பொன்வண்டு ஒன்றைத் தவிர வேறெதற்கும் எனக்குப் பெயர் தெரியாது.

பொன்வண்டைத் தெரியாத பையன் எங்கள் பக்கத்தில் பிறக்கவே முடியாது. மழை பெய்து ஓய்ந்ததும் வெள்வேல மரத்தின் கிளையில் பச்சையும் பொன்னுமாய் மின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிடித்துத் தீப்பெட்டியில் போட்டு, நாலு வேலந்தழையையும் வைத்து மூடி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். கணக்கு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பெட்டியைக் காதருகே வைத்து அது கீறும் சத்தத்தைக் கேட்போம். முட்டை இட்டிருக்கிறதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்ப்போம். மூன்றாம் நாள் அது செத்துப்போகும். அன்று சாயந்தரமே வேறொன்று பிடித்துவிடுவோம். துக்கம் என்பதே கிடையாது. பொன்வண்டுக்கு என்ன பஞ்சம்?

பஞ்சமில்லாமல் இருந்ததற்குக் காரணம் எங்கள் கொரங்காடு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கொரங்காடு என்பது மாட்டுக்காகவே விட்டுவைத்த மேய்ச்சல் நிலம். தரையில் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், நாற்புறமும் கிளுவை வேலி. முள்ளுக்கிளுவையை நெருக்கமாக நட்டு வளர்த்தால் மாடு தாண்டாது, ஆடு நுழையாது. ஆனால் ஓணான் நுழையும், கீரி நுழையும், காடை முட்டையிடும், சிலந்தி வலை கட்டும். நாங்கள் மாட்டுக்கென்று போட்ட வேலிக்குள் ஒரு ராஜ்யமே குடியேறியிருந்தது. வாடகை கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. இப்போது பல இடங்களில் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல் நட்டுக் கம்பி கட்டிவிட்டார்கள். கம்பியில் ஓணான்கூட உட்காருவதில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒருநாள் சித்தப்பா மகன் டெலிபோனில் கூப்பிட்டான். "அண்ணா, மேக்கால வேலியோரத்துப் புளியமரத்தை வித்துப்போடலாம்னு இருக்கறனுங்க. நீங்களும் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போயிட்டீங்கன்னா நல்லதுங்க" என்றான். எங்கள் அப்பாரு காலத்து மரம் அது. சொத்து அவன் பங்கில் இருந்தாலும் மரியாதைக்கு என்னைக் கேட்கிறான். போனேன்.

மரத்தைச் சுற்றி வந்தோம். பாதி உயரத்தில் ஒரு கிளை முறிந்த இடத்தில் பொந்து விழுந்திருந்தது. மரத்துக்கு எத்தனை வைரம் தேறும் என்று பார்க்க வந்த வியாபாரி ஒரு குச்சியை உள்ளே விட்டுக் கிண்டினார். வெளியே வந்தது ஒரு சிலந்தி. சிலந்தி என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். கால்களை விரித்தால் என் உள்ளங்கையை மூடிவிடும். சாம்பல் நிறம். உடம்பு முழுவதும் ரோமம். முதுகில் யாரோ மெல்லிய தூரிகையால் கோலம் போட்டதுபோல வெளிர்ப்பட்டை. மரப்பட்டையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயமா, சந்தோஷமா என்று இன்றுவரை தெரியவில்லை. குனிந்து நன்றாகப் பார்ப்பதற்குள் 'பட்'டென்று ஒரு சத்தம். தம்பி தன் செருப்பைக் கழற்றி அடித்துவிட்டான்.

"என்னப்பா இது!" என்றேன்.

"நட்டுவாக்காலியாட்ட இருக்குதுங்கண்ணா. கொழந்தைக வெளையாடற எடமுங்க."

அவன் சொன்னதிலும் தப்பில்லை. நசுங்கியதைக் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டேன். கோயமுத்தூரில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். சிலந்திகளைப் பார்ப்பதற்காகவே காடு காடாக அலைகிறவர். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரித்தவர், சாவு வீட்டில் முகம் பார்ப்பதுபோலச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஜாதிப் பெரிய மரச்சிலந்திகளைக் கால்களின் அடிப்பக்கத்தில் இருக்கும் மஞ்சள், கறுப்புப் பட்டைகளை வைத்துத்தான் முதலில் பிரித்தறிவார்களாம். அந்தப் பக்கம் முழுவதும் செருப்போடு போயிருந்தது. "பொய்சிலோதீரியா குடும்பமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது சார்" என்று மடித்து வைத்துவிட்டார். பிறகு காப்பி வந்தது. அதற்கப்புறம் அவர் சொன்ன கதைகளுக்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

பொய்சிலோதீரியா என்ற பெயர் வாயில் நுழையச் சிரமம். ஆனால் அது உலகத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு. சிங்களத்தில் சிறுத்தைச் சிலந்தி என்ற பொருளில் அழைக்கிறார்கள். கடித்தால் தசைகள் இழுத்துப் பிடித்துக்கொண்டு சில நாள் வாட்டும். ஆள் செத்ததாகக் கணக்கில்லை. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த போகாக் என்பவர் 1899ல் இவற்றில் பலவற்றுக்குப் பெயர் வைத்தார். அவற்றில் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் இன்றைக்கும் நம் சேலத்தின் பெயரே வழங்குகிறது. மாம்பழத்தோடு இதையும் சேலத்துக்காரர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

அதே வருஷம் அவர் பெயர் வைத்த இன்னொன்று நீல நிறம். மயில் கழுத்து நீலம். ஆந்திராவில் கூட்டி என்ற ரயில்வே ஜங்ஷனில், மரக்கட்டைகள் அடுக்கியிருந்த யார்டில் அகப்பட்ட ஒரே ஒரு சிலந்தி. அதற்குப் பிறகு கூட்டியைச் சுற்றி அதை ஒருவரும் காணவில்லை. ஒரு வருஷம் இரண்டு வருஷமல்ல, 102 வருஷம்! இனமே அழிந்துவிட்டதென்று நினைக்க நியாயம் இருந்தது. 2001ல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில், கூட்டியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, மரப்பொந்துகளில் மறுபடியும் அதைக் கண்டார்கள். விஷயம் அப்போதுதான் விளங்கிற்று. அந்த முதல் சிலந்தி கூட்டியில் பிறந்ததே அல்ல. வெட்டிய மரத்தோடு ரயிலேறி வந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார்கள். டிக்கெட் இல்லாத பிரயாணி இறங்கின ஸ்டேஷனைச் சொந்த ஊர் என்று எழுதிவைத்துக்கொண்டு ஒரு நூற்றாண்டாகத் தேடியிருக்கிறோம்.

ராமேஸ்வரத்துக் கதை இன்னும் ருசியானது. 2004ல் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஆங்கிலேயர் அந்தத் தீவில் ஒரு புதிய சிலந்தியைக் கண்டு, அது கிடைத்த ஹனுமவிலாசக் கோயிலின் பெயரையே அதற்கு வைத்தார். அனுமார் பெயரைச் சுமந்த சிலந்தி! வாசம் செய்வது பழைய புளியந்தோப்பிலும் பனை மரங்களிலும். கோயமுத்தூரில் இருக்கும் ஜூ அவுட்ரீச் அமைப்பினர் இந்தக் குடும்பத்தையே எடுத்து ஆராய்ந்தவர்கள். 2008ல் இது அழிவின் விளிம்பில் இருப்பதாக உலகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. இருந்த இடம் அவ்வளவு குறுகல். தோப்பைக் குத்தகைக்காரர் வெட்டினால் வமிசமே முடிந்தது. இப்படி இருக்கையில் 2015ல் இலங்கை ஆராய்ச்சியாளர்கள் இதே சிலந்தியை மன்னாரில் கண்டதாக அறிவித்தார்கள். இந்தியாவுக்கே உரியது என்று நினைத்த ஒன்று கடலுக்கு அக்கரையிலும் குடியிருக்கிறது!

எப்படிப் போயிருக்கும்? கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் இரண்டும் ஒரே நிலமாக இருந்தபோதே பரவியிருக்கலாம். எனக்கென்னவோ தனுஷ்கோடி ஞாபகம்தான் வந்தது. 1964 புயல்வரை அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. கொழும்புக்குப் பிழைக்கப் போனவர்களின் மூட்டை முடிச்சுகளைப் பற்றிக் கதை எழுதியவர்கள் உண்டு. அதே தண்ணீருக்கு இருபுறமும் சிலந்திகள் சொந்தபந்தமாக இருந்திருக்கின்றன. அனுமார் தாண்டியதைத்தான் எழுதிவைத்தார்கள்.

இதையெல்லாம் ஊருக்குப் போய்த் தம்பியிடம் உற்சாகமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "அண்ணா, புதுசா ஒரு பூச்சி வந்துச்சுன்னா உங்களுக்குக் கதைங்க. எங்களுக்கு அது கடனுங்க."

வாயடைத்துப்போனேன். அவன் சொன்னது மாவுப்பூச்சியை. 2008 ஜூலையில் இந்தியாவிலேயே முதன்முதலாக அது கண்ணில் பட்டது கோயமுத்தூரில்தான். மெக்ஸிகோ பக்கத்துப் பிராணி. பப்பாளியில் தொடங்கி மரவள்ளி, மல்பெரி என்று கொங்கு முழுவதும் வெள்ளை பூத்தது. அடுத்த வருஷம் தம்பியின் இரண்டு ஏக்கர் மரவள்ளியில் கிழங்கு விரல் பருமன்கூடத் தேறவில்லை. அதற்கும் முன்னால், 1998ல் கேரளத்தில் தலைகாட்டித் தமிழ்நாட்டுக்கும் வந்துசேர்ந்தது ஈரியோபைட் சிலந்தி. இது சிலந்தி வகையறாதான். ஆனால் கண்ணுக்கே தெரியாது, கால் நாலே நாலு. குரும்பையின் தொப்பிக்கு அடியில் புகுந்து சாற்றை உறிஞ்சும். காய் வடுப்பட்டுச் சூம்பிப்போகும். கொப்பரை உலர்த்திப் பிழைக்கிற காங்கேயத்தில் அதன் அர்த்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை. தம்பி ஓங்கிய செருப்பு ஒரு சிலந்தியின் மேல் விழுந்தாலும் உண்மையில் அது எத்தனை வருஷக் கணக்கைத் தீர்த்ததோ!

ஆனாலும் விடவில்லை நான். "மாவுப்பூச்சி எப்படிப் போச்சு?" என்று கேட்டேன்.

"காலேஜ்காரங்க குளவி குடுத்தாங்க. வாங்கியாந்து உட்டனுங்க."

அதுதான் விசேஷம். மருந்தடித்து அலுத்த பிறகு, 2010ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளைத் தருவித்தார்கள். பெங்களூரில் சோதித்து, கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். எள்ளைவிடச் சிறிய குளவி மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிடும். பிறக்கிற குஞ்சு அதைத் தின்றுவிட்டு வெளியே வரும். சில மாதங்களில் வெள்ளை வடிந்தது. எங்கேயோ ஒரு தீவில் எந்தப் பூச்சி எந்தப் பூச்சியைத் தின்கிறது என்று மெனக்கெட்டுப் பார்த்து எழுதிவைத்த புண்ணியவான்கள் இருந்ததால் தம்பி அடுத்த போகம் மரவள்ளி போட்டான். செருப்பால் அடித்துவிட்டிருந்தால் அந்தக் குளவிக்கு யார் பெயர் வைத்திருப்பார்கள்?

இந்த வாதம் அவனிடம் எடுபட்டதா என்று தெரியாது. மரியாதைக்காகவோ என்னவோ, "சரிங்கண்ணா, இந்த வருஷப் புளி உலுக்கற வரைக்கும் மரம் நிக்கட்டும்" என்றான். அன்றிரவே சிநேகிதரையும் அழைத்துக்கொண்டு டார்ச் விளக்கோடு போனோம். பொந்தில் ஒரு பல்லி, வேலியடியில் ஒரு கருந்தேள், தூக்கம் கெட்ட ஒரு ஆந்தை. அவ்வளவுதான். மழைக்காலத்தில் ஆண் சிலந்திகள் துணை தேடி வெளியே அலையும், அப்போது பார்க்கலாம் என்றார் சிநேகிதர். கூடவே, கண்டாலும் எந்த ஊர், எந்த மரம் என்று எழுதிவிடாதீர்கள் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். கூட்டியின் நீலச் சிலந்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்க வெளிநாடுகளில் ஆள் இருக்கிறார்களாம். 2019ல் இந்தக் குடும்பம் முழுவதையும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்த பிறகும் பயம் விடவில்லை. ஆகவே எங்கள் தோட்டம் சிவன்மலைக்குக் கிழக்கா மேற்கா என்று வாசகர்கள் கேட்க வேண்டாம்.

அந்தப் புளி உலுக்கியாயிற்று. அடுத்த வருஷமும் உலுக்கியாயிற்று. மரம் நிற்கிறது, வியாபாரி விலையை ஏற்றிக்கொண்டே இருக்கிறார். போன வாரம், மழை விட்ட ராத்திரி பத்து மணிக்குத் தம்பியிடமிருந்து டெலிபோன்.

"அண்ணா, பொந்தோரமா ஒண்ணு உக்காந்திருக்குதுங்க."

"அடிச்சுடாதே!"

"இல்லீங்க. செருப்பை ஊட்லயே கழட்டி வெச்சுட்டுத்தான் வந்திருக்கறனுங்க. காலுல முள்ளுக் குத்துதுங்க. சீக்கிரமா என்ன பண்றதுன்னு சொல்லுங்க."

கால்களின் அடிப்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடு என்றேன். எடுத்து அனுப்பினான். இருட்டில் கை நடுங்கி, படத்தில் மரப்பட்டைதான் நன்றாக விழுந்திருக்கிறது. ஓரத்தில் மஞ்சளாக ஏதோ ஒன்று. சிநேகிதர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் பல்லடம் வழியாகக் காங்கேயம் போகிற முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டேன்.