முதல் எழுத்து

ஐப்பசியில் ஏற்காட்டில் மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. எஸ்டேட்டில் ஒரு சில்வர் ஓக் கிளை கம்பிமேல் விழுந்தால் அன்றிரவு முழுக்க இருட்டுதான். என்னிடம் இருப்பது, 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் தங்கைக்குக் கிடைத்த மடிக்கணினி. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் ஓடுகிறது. விசைகள் உதிர்ந்துவிட்டதால் வெளியே ஒரு யு.எஸ்.பி. விசைப்பலகை. பாட்டரி நாற்பது நிமிஷம் தாங்கும்.

சிக்கனம் கருதி பவர்டாப் என்ற நிரலை ஓட்டினேன். 2007இல் இன்டெல் வெளியிட்டது. கணினியின் பழக்கங்களை 'குட்', 'பேட்' என்று இரண்டே சொல்லில் தீர்த்துவிடும். (நம்மிடையே இப்படி விமர்சகர்கள் உண்டு.) எல்லாவற்றையும் 'குட்' ஆக்கும் கட்டளையை, கணினி துவங்கும்போதே ஓடும்படி எழுதி வைத்தேன்.

பிறகுதான் காலஞ்சென்ற நண்பரின் கவிதைகளைக் கையெழுத்துப் பிரதியிலிருந்து தட்டச்சு செய்தேன். படிக்கச் சிரமமான கையெழுத்து. ஒவ்வொரு வரிக்கும் நிற்க வேண்டியிருந்தது. இரண்டு விநாடி அசைவில்லாவிட்டால் கெர்னல் விசைப்பலகையை உறங்க வைத்துவிடும். அடுத்த தட்டு அதை எழுப்பும். எழுப்பிய எழுத்து திரைக்கு வந்து சேராது. தமிழ்99இல் அகர உயிர்மெய்க்கு ஒரே தட்டு என்பதால் போவது முழு எழுத்து. பெரும்பாலும் சொல் உடைந்து தெரிந்தது, திருத்தினேன். 'மரணம்' என்று தொடங்கிய ஒரு வரி 'ரணம்' என்று ஆனது மட்டும் கண்ணில் படவில்லை.

பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தட்டச்சை வைத்துக்கொண்டு கட்டுரை எழுதினேன். மரணம் என்ற சொல்லை அவர் தவிர்த்த நிதானம் பற்றி இரண்டு பத்திகள். நினைவுக் கூட்டத்தில் வாசித்தேன். முடிந்ததும் அவர் மனைவி பக்கத்தில் வந்து, "அந்தச் சொல்லத்தான் சார் ரெண்டு தடவ அடிச்சிட்டு மறுபடி எழுதினார்" என்றார். குற்றம் சொல்லும் குரலில்லை. அதுதான் தாங்கவில்லை.

காரணம் அன்றிரவே புலப்பட்டது. அந்தக் கருவிக்குரிய பவர் கோப்பகத்தில் 'கன்ட்ரோல்' என்று ஒரு கோப்பு. அதில் 'ஆட்டோ' என்றிருந்தது. 'ஆன்' என்று மாற்றினால் உறங்காது. துவக்கத்தில் பவர்டாப் முடிந்தபின் அதை எழுதும்படி ஒரு வரி சேர்த்தேன். கோப்பகத்தின் பெயர் துளையைப் பொறுத்தது. ஆகவே பலகையை இடம் மாற்றிச் செருகுவதில்லை. பாட்டரியில் ஏதோ சில நிமிஷம் குறையும். குறையட்டும்.

பிரதியை மறுபடி கேட்டு வாங்கி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு வருகிறேன். இதுவரை இன்னும் மூன்று இடங்கள். அவற்றில் ஒன்று, என் பிழையோடு இருப்பதே நன்றாக இருக்கிறது.