மூன்று பிள்ளைகள், ஒரு கல் பூனை!

மே மாதம் வந்தால் கல்யாணமாகாத மாமாக்களுக்கு இரண்டு கண்டம். ஒன்று கத்திரி வெயில். இன்னொன்று அக்கா பிள்ளைகள்.

செங்கல்பட்டில் இருக்கும் என் அக்காவுக்கு மூன்று. கடைக்குட்டிப் பெண்ணுக்கு நாலு வயசு. நடுவிலானுக்கு எட்டு. பெரியவனுக்குப் பதிமூன்று, இன்றோ நாளையோ மீசை வந்துவிடும் என்ற நம்பிக்கையில் கண்ணாடி முன்னால் வாழ்கிறான்.

"லீவு முழுக்க செல்போனும் கையுமா கிடக்குதுங்கடா. நல்ல புஸ்தகமா நாலு வாங்கிட்டு வா" என்று அக்காவின் உத்தரவு.

"எந்த மாதிரிக்கா?"

"பொது அறிவு வளர்ற மாதிரி!"

இந்தப் பொது அறிவுப் புத்தகம் இருக்கிறதே, அது வேப்பங்கொழுந்து உருண்டை மாதிரி. கொடுக்கிறவருக்கு மட்டும்தான் திருப்தி. ஆகவே கடைக்குப் போவதற்கு முன், மூன்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கூட்டிக்கொண்டு போய், யார் எதைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள் என்று கவனிப்பது என முடிவு செய்தேன். ஜவுளிக்கடையில் அளவு பார்த்துச் சட்டை எடுப்பதில்லையா? அதுபோல.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குத் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். மலையைப் பார்த்ததும், உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போன பழைய கதையைச் சொன்னேன்.

"இப்ப வருமா?" என்றான் நடுவிலான்.

"இப்ப வர்றதில்லைடா."

"ஏன்? சர்க்கரை வியாதியா?"

பஸ்ஸே சிரித்தது. இவனுக்கு 'ஏன்', 'அப்புறம்' இரண்டும் இருந்தால் போதும் என்று மனசில் குறித்துக்கொண்டேன்.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு. ஏறத்தாழ தொண்ணூறு அடி நீளப் பாறை. ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் செதுக்கியது. தேவர், முனிவர், யானை, நாகம் என்று ஏகக் கூட்டம். பெரியவர்கள் எல்லோரும் அண்ணாந்து அர்ச்சுனனைத் தேட, கடைக்குட்டி மட்டும் கீழே பார்த்துக் கத்தினாள். "பூன!"

யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். மகாபாரதத்தில் வருகிற போலிச் சாமியார் பூனையின் கதை. கங்கைக் கரையில் தவக்கோலத்தில் நின்று எலிகளை நம்ப வைத்து, தினம் ஒன்றாக விழுங்கிய பூனை. பதின்மூன்று நூற்றாண்டுக்கு முன்பே குழந்தைகளுக்குப் படக்கதை போட்டு வைத்திருக்கிறான் நம்மூர்ச் சிற்பி!

ஒரே பூனை. மூன்று பிள்ளைகளும் மூன்று விதமாகப் பார்த்தார்கள்.

கடைக்குட்டி கையைத் தூக்கி ஒற்றைக் காலில் நின்றாள். "திரும்பச் சொல்லு மாமா" என்று அதே கதையை ஐந்து தடவை கேட்டாள். ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னாலும் பிடித்துவிட்டாள். நாலு வயசுக்குக் கதை என்பது பாட்டு மாதிரி. புதுசு வேண்டாம், அதே ராகம் வேண்டும். பக்கத்துக்கு ஒரு பெரிய படம், ஒரே ஒரு வரி, மடியில் உட்கார வைத்துச் சத்தமாக வாசிக்க ஒரு ஆள், இதுதான் தேவை. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் இந்த வயசுக்குத்தான். நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா, பிரதம் புக்ஸ் எல்லாம் தமிழில் படப் புத்தகம் போடுகின்றன. பிரதமின் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். மாசக் கடைசியில் பர்ஸைத் தடவிப் பார்க்கும் மாமாக்கள் கவனிக்க!

நடுவிலானோ, "எத்தனை எலி செத்துச்சு? எப்படிக் கண்டுபிடிச்சாங்க? அப்புறம்?" என்று குடைந்தான். எட்டு வயசுக்கு 'அப்புறம்'தான் மூச்சு. தெனாலி ராமன், விக்கிரமாதித்தன் எல்லாம் இவனுக்காகவே பிறந்தவர்கள். கூடவே நிஜ மிருகங்களும் வேண்டும்.

அதற்கும் இந்தக் கடற்கரையிலேயே இடம் இருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து சென்னைப் பக்கம் போனால் வடநெம்மேலி. ரோமுலஸ் விட்டேக்கரும் ஸாய் விட்டேக்கரும் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை. 1978-இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இங்கேதான். பாம்பைப் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஸாய் விட்டேக்கர், காளி என்ற இருளர் பையனையும் ஒரு சாரைப் பாம்பையும் வைத்து ஒரு படக்கதை எழுதியிருக்கிறார். அப்பா பாம்பு பிடிப்பவர் என்று சொல்ல வெட்கப்படுகிற பையன். ஒருநாள் வகுப்பறைக்குள் பாம்பு வந்துவிடுகிறது. அப்புறம்? புத்தகத்தில் பாருங்கள். நடுவிலான் தலையில் அடித்து சத்தியம் வாங்கியிருக்கிறான்.

பெரியவன்தான் புதிர். எதையும் பாராமல் காதில் ஒயரோடு கம்பியில் சாய்ந்து நின்றான். பாதி குடைந்து நிறுத்திய ஒரு குகையைப் பார்த்ததும் மட்டும் ஒயரைக் கழற்றினான்.

"ஏன் மாமா பாதில விட்டுட்டாங்க?"

"பக்கத்துல போர்டு இருக்கே, படி."

படித்தான். சில்லறை எண்ணுகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக. இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டு, ஆங்கிலப் போர்டைத் தேடினான். இங்கிலீஷ் மீடியம். தமிழ், பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுவதோடு சரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேசுவதெல்லாம் தமிழ், சண்டை போடுவது தமிழ். அதில் ஒரு பக்கம் வாசிக்க மூச்சு வாங்குகிறது. இன்னும் இரண்டு வருஷம் இப்படியே போனால் பையன் தமிழ்ப் புத்தகத்தைத் தொடவே மாட்டான். அது அவனுக்கும் தெரிகிறது. காது சிவந்துவிட்டது.

அவன் கேள்விக்கு ஏற்ற புத்தகம் எனக்குத் தெரியும். 'சிவகாமியின் சபதம்'. சிற்பி ஆயனர், மாமல்லன், வாதாபிப் போர் எல்லாம் அதில் உண்டு. ரசிகமணி டி.கே.சி.யோடு ஒரு நிலா இரவில் இதே கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தபோது பிறந்த கதை என்று கல்கியே எழுதியிருக்கிறார். 1944-இல் தொடராக ஆரம்பித்தது. மொத்தம் நான்கு பாகம். எழுத்துக் கூட்டுகிறவன் கையில் நான்கு பாகத்தைக் கொடுத்தால் ஜென்மத்துக்கும் வாசிக்க மாட்டான். பாலர் புத்தகம் கொடுத்தால் ரோஷம் வந்துவிடும்.

2023-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் புத்தகங்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று பிரித்தார்கள். எவ்வளவு சரளமாக வாசிக்கிறான் என்பதுதான் அளவு. நம்மாள் வயசில் 'பற', வாசிப்பில் 'நுழை'. என்ன செய்வது?

திரும்பும்போது கடைக்குட்டி என் மடியில் ஏறி, "புக்கு படி" என்றாள். அப்போதுதான் பொறி தட்டியது.

"மாமாவுக்குத் தொண்டை கட்டிருச்சு. அண்ணனைப் படிக்கச் சொல்லு."

அவ்வளவுதான். அந்த வாரம் வாங்கிய படப் புத்தகங்களை ராத்திரி தங்கைக்கு வாசிக்கும் வேலை பெரியவனுக்கு. பக்கத்துக்கு ஒரு வரி. தடுமாறினாலும் சிரிக்காத ரசிகை. "திரும்பப் படி" என்று அவள் அடம்பிடிப்பாளே, ஒரே வரியைப் பத்து தரம் படித்தால் எந்த நாக்கும் புரளும்! பாலர் புத்தகம் படிக்கிறோமே என்ற கௌரவப் பிரச்னையும் இல்லை. தங்கச்சிக்காகத்தானே?

அடுத்த கட்டமாக காமிக்ஸ் கொடுத்தேன். சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் கிளம்பி, எத்தனை பேரை எழுத்துக் கூட்ட வைத்தன என்று உங்கள் ஆபீஸ் சீனியர்களைக் கேளுங்கள். வார்த்தை தெரியாவிட்டால் படம் சொல்லிக் கொடுக்கும். இரும்புக்கை மாயாவியைக் கண்டதும் நடுவிலானும் பெரியவனும் அடித்துக்கொண்டார்கள். புத்தகத்துக்காக அந்த வீட்டில் நடந்த முதல் சண்டை. அக்கா என்னைத் திட்டினாள்: "பொது அறிவு எங்கடா?"

ஆகவே வாசக நண்பர்களே, பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் வயசை மட்டும் பார்க்காதீர்கள். எங்கே நின்று பார்க்கிறான், எந்த வரியில் நின்றுவிடுகிறான், இரண்டையும் கவனியுங்கள். வாங்கிக் கொடுத்த பிறகு "என்ன புரிஞ்சுது, சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள்.

'சிவகாமியின் சபதம்' நான்கு பாகத்தையும் அக்கா வீட்டு அலமாரியில், பெரியவன் கைக்கு எட்டுகிற தட்டில் வைத்திருக்கிறேன். படிடா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன வாரம் போனபோது, முதல் பாகம் மட்டும் தலைகீழாக இருந்தது.