வியாசர்பாடிக் கடைத்தெருவில் ஒரு மாலை

சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து ஆவடி மார்க்கமாகச் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், பேசின் பாலத்தை அடுத்து வருவது வியாசர்பாடி ஜீவா நிலையம். பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் பெயரைத் தாங்கியது. உழைக்கும் மக்கள் நிறைந்த ஊருக்குப் பொருத்தமான பெயர்தான். வாசகர்கள் ஒருநாள் மாலை அங்கே இறங்கி, கடைத்தெருக்களின் ஊடே நடந்து பார்க்க வேண்டும்.

அன்றைய கூலி கைக்கு வந்த நேரம் அது. மளிகைக் கடை வாசலில் நிற்கும் பெண்மணி கேட்பதைக் கவனியுங்கள்: அரைக் கிலோ அரிசி, நூறு கிராம் பருப்பு, சிறிது எண்ணெய், பத்து ரூபாய்க்கு இஞ்சி பூண்டு. ஒவ்வொன்றும் தனித்தனிக் கவரில் ஏறுகிறது. எல்லாக் கவர்களும் சேர்ந்து இன்னொரு கவரில் நுழைகின்றன. மாதச் சாமான் வாங்கும் வீட்டில் ஐந்து கிலோ அரிசிக்கு ஒரு பை போதும். அரைக் கிலோவாக வாங்கும் வீட்டுக்கு அதே அரிசி வந்து சேர்வதற்குள் பத்துப் பைகள் வந்துவிடுகின்றன. குறைவாக வாங்குகிறவர் தலையில்தான் பிளாஸ்டிக் அதிகமாக விழுகிறது. பழியும் அவர்மீதே விழுவதுதான் வேதனை.

அந்தப் பைகள் எங்கே போகின்றன? வெகுதூரம் போவதில்லை. வியாசர்பாடி வழியே செல்லும் கேப்டன் காட்டன் கால்வாயில் ஒரு பகுதி விழுகிறது. அது பக்கிங்ஹாம் கால்வாயில் கலந்து, வடக்கே எண்ணூர் கழிமுகத்தை நோக்கிச் செல்கிறது. குப்பை வண்டியில் ஏறுபவையோ பக்கத்திலேயே 300 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் கிடக்கும் கொடுங்கையூர்க் குப்பை வளாகத்தை அடைகின்றன. வடசென்னையின் குப்பை பல்லாண்டுகளாக அங்கேதான் மலையாகக் குவிந்தது. பெருமழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் நீர் தேங்குவதைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கவர் மட்டுமே காரணம் என்று கூறுவது நியாயமன்று; தாழ்ந்த நிலம், தூர்ந்த கால்வாய், கழிவுநீர் எல்லாம் உண்டு. ஆயினும் வடிகால் வாயை அடைத்துக்கொண்டு நிற்பவற்றுள் இந்த மெல்லிய பையும் ஒன்று என்பதை எவர் மறுப்பார்?

சட்டம் இல்லாமலில்லை. 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் தடை வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. தடை பிறந்த நாளில் கடைகளில் மறைந்த கவர், கெடுபிடி தளர்ந்ததும் திரும்பி வந்துவிட்டது. கடைக்காரரைக் கேட்டால், “நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்” என்பார். அவர் கூற்றில் பொய்யில்லை.

செய்தித்தாள் பொட்டலமும் சணல் நூலும் கோலோச்சிய காலத்தைச் சிலர் ஏக்கத்தோடு நினைவுகூர்வதுண்டு. அச்சு மை உணவில் படுவது தீங்கு என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருப்பதால் அந்த வழி இனி வேண்டாம். கழுத்தில் கயிறு கட்டிய எண்ணெய்ப் புட்டியை வீட்டிலிருந்தே கொண்டுபோன வழக்கம் அப்படியன்று; அது இன்றும் ஆகும். பழைய வேட்டியில் தைத்த சிறு பைகள் பருப்புக்கும் அரிசிக்கும் போதும். இறைச்சிக்கு மூடியுள்ள பாத்திரம். வெற்றுப் பாத்திரத்தை முதலில் தராசில் வைத்து எடையைக் கழித்துக்கொள்ளச் சொன்னால் கடைக்காரர் மறுப்பதில்லை. மாதச் சாமான் வாங்கும் வசதியுள்ள இல்லங்கள் இதை முதலில் தொடங்கட்டும். அன்றாடங்காய்ச்சிக்கு உபதேசம் செய்வது அதன்பின் ஆகட்டும்.

இது நமக்குப் புதிய பாடமுமன்று. ரமலானில் அஸர் தொழுகைக்குப் பின் வடசென்னைப் பள்ளிவாசல்களின் முன் வரிசையைப் பாருங்கள். நோன்புக் கஞ்சி வாங்கச் சிறுவர்கள் தூக்குவாளியுடன் நிற்கிறார்கள். பாத்திரமின்றி வந்தவர்க்குக் கொதிக்கும் கஞ்சியைக் கவரில் ஊற்றிக் கட்டித் தரும் இடங்களும் உண்டு. ஜமாஅத் பெரியவர்கள் அதை நிறுத்தலாம். ஆனால் தூக்குடன் வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாட்டியின் பெயர் வெட்டிய அந்தத் தூக்கு, பிறை கண்டதும் பரணிலிருந்து இறங்குகிறது. முப்பது நாள் தெருவில் நடமாடுகிறது. பெருநாள் முடிந்ததும் மீண்டும் பரணுக்கு ஏறிவிடுகிறது. ஷவ்வால் மாதத்தில் அதே தூக்கை எடுத்துக்கொண்டு இறைச்சிக் கடைக்குப் போவதற்கு என்ன தடை?