தைக்கத் தெரிந்த நாடு, நெய்ய மறந்த நாடு

2025 ஏப்ரலில் அமெரிக்கா நமது ஏற்றுமதிகளுக்கு 44 வீத வரி என்றது. பிறகு 30 ஆகி, ஓகஸ்டில் 20 வீதத்தில் வந்து நின்றது. அல்ஹம்துலில்லாஹ், பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் அதே 20தானே, இனிப் போட்டி சமம் என்று பலர் பதிவு போட்டார்கள். சமமில்லை. இதை மருதமுனைக்காரர்களான எங்களுக்கு விளங்கப்படுத்துவது லேசு. நாங்கள் தறியோடு வளர்ந்தவர்கள்.

1977க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. எங்கள் சாரனுக்கும் சாரிக்கும் கிராக்கி. திறந்த பொருளாதாரம் வந்ததும் விசைத்தறித் துணி மலிவாக வந்து குவிந்தது. வீடு வீடாகத் தறிச் சத்தம் குறைந்தது. நாடு நெசவை விட்டு தையலைப் பிடித்தது. 1978இல் கட்டுநாயக்க வலயம், 1992இல் பிரேமதாசவின் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம். மேற்கு நாடுகள் கோட்டா வைத்திருந்ததால் நமக்கும் ஒரு பங்கு நிச்சயம். அந்தக் கோட்டா 2005 ஜனவரி 1இல் முடிந்தது. சுனாமி வந்து ஆறாவது நாள். தறிகளைக் கடல் கொண்டுபோன எங்களுக்கு அப்போது அந்தச் செய்தி காதில் விழவே இல்லை.

ஆனாலும் கார்மென்ட்ஸ் விழவில்லை. தரத்தாலும் சொன்ன திகதிக்குக் கொடுத்ததாலும் நின்றது.

சிக்கல் வேறு இடத்தில். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் 2010இல் போய், 2017 மே மாதம் திரும்பி வந்தது. தீர்வையில்லாமல் அனுப்பலாம்தான். ஆனால் பெரும்பாலான உடுப்புகளுக்கு, தைத்தால் மட்டும் போதாது, துணியும் இங்கேயே நெய்திருக்க வேண்டும். பங்களாதேஷ் மிகக் குறைந்த வளர்ச்சி நாடு என்பதால், சீனத் துணியைத் தைத்தாலும் அவர்களுக்குத் தீர்வை இல்லை. அதே சீனத் துணியை நாம் தைத்தால் தீர்வை கட்ட வேண்டும். சலுகை கையில் இருக்கிறது, துணி இல்லை.

உடனே, "அப்போ கைத்தறியை வளர்த்தால் சரிதானே சேர்" என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். கூட்டங்களில் பெரியவர்களும் இதையே பேசுகிறார்கள். நடக்காத காரியம். தொழிற்சாலைக்கு ஒரே நிறத்தில், ஒரே அகலத்தில் ஆயிரக்கணக்கான மீற்றர் வேண்டும். அது பெரிய ஆலைகள் செய்யும் வேலை. சாயக் கழிவைச் சுத்திகரிக்கவும் மின்சாரத்துக்கும் பெரும் முதல் வேண்டும். கைத்தறியின் போட்டி வேறு: விசைத்தறிச் சாரனைக் "கைத்தறி" என்று சொல்லி எங்கள் ஊர்ப் பெயரிலேயே விற்கிறார்களே, அதோடு. அதைத் தடுக்க ஒழுங்கான முத்திரை வேண்டும். நூலும் சாயமும் வெளியிலிருந்து வருவதால் டொலர் ஏறும்போதெல்லாம் அடி விழுவது நெசவாளிக்குத்தான். 2022இல் அதைப் பார்த்தோம்.

எங்கள் வகுப்பில் தறிக்காரரின் மகன் ஒருவரும் தறியில் உட்காருவேன் என்று சொல்வதில்லை. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

இன்னும் தறி ஓடும் வீட்டார் இதை வாசித்தால், ஒரு சாரனுக்கு நூல், சாயம், கூலி எவ்வளவு, கடைக்காரர் எவ்வளவுக்கு எடுக்கிறார் என்று கீழே எழுதுங்கள். உயர்தரப் பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் அதைத்தான் கணக்காகக் கொடுக்கப் போகிறோம்.