முகத்தில் சரியாக உட்கார்ந்த பிறகு

பசுவந்தனை போன்ற கரிசல் ஊரில் இருந்துகொண்டு விஆர் ஹெட்செட் வாங்க ஆசைப்படுகிறவர் அதை ஊரில் போட்டுப் பார்த்து முடிவு செய்ய வழியில்லை. இணையத்தில் பணம் கட்டி, பார்சல் வந்த பிறகுதான் மாட்டிப் பார்க்க முடியும். அதுவரை அவருக்கு உள்ள சான்று, வேறு யாரோ முதல்முறை அணிந்துவிட்டுச் சொன்ன அபிப்பிராயம்தான். ஹெட்செட்டுகளை ஒப்பிட்டு எழுதும் எங்களுக்குப் பொறுப்பு கூடுவது இதனால்தான். முதல் ஐந்து நிமிடத்தில் "படம் பளிச்சென்று இருக்கிறது", "கலங்கலாகத் தெரிகிறது", "தலை கிறுகிறுங்குது" என்று சொல்வதில் பெரும்பங்கு, கருவி அந்த முகத்தில் எப்படி உட்கார்ந்தது என்பதைப் பற்றியதே. இதைச் சொல்லாமல் எழுதும் ஒப்பீடு வாங்குகிறவரை ஏமாற்றிவிடும்.

பெரியவர்களின் கண்மணிகளுக்கு இடையிலான தூரம் ஏறக்குறைய 54 முதல் 74 மில்லிமீட்டர் வரை ஆளுக்கு ஆள் மாறுகிறது. 2020-ல் வந்த குவெஸ்ட் 2 ஹெட்செட்டில் லென்ஸ்களை 58, 63, 68 என்று மூன்று இடத்தில்தான் நிறுத்தலாம். அதில் உள்ள ஃப்ரெனெல் லென்ஸின் நடுப்பகுதிதான் கூர்மை. ஸ்ட்ராப் கொஞ்சம் இறங்கினாலும் எழுத்துகள் மங்கிவிடும். 2023-ன் குவெஸ்ட் 3-ல் பான்கேக் லென்ஸ் ஏறக்குறைய ஓரம்வரை தெளிவாக இருக்கும். இடைவெளியையும் சக்கரத்தைத் திருப்பிச் சிறிது சிறிதாக மாற்றலாம். இரண்டையும் அவசரத்தில் மாட்டிப் பார்க்கிறவருக்கு வித்தியாசம் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். குவெஸ்ட் 3 தப்பாக மாட்டினாலும் பொறுத்துக்கொள்ளும், குவெஸ்ட் 2 பொறுக்காது. எடையிலும் இதே கதை. குவெஸ்ட் 2 503 கிராம், குவெஸ்ட் 3 515 கிராம். ஆனாலும் பின்னது மெல்லியதாகவும் பாரம் முகத்தை ஒட்டியும் இருப்பதால் இலேசாகத் தெரியும். வால்வ் இண்டெக்ஸ் 809 கிராம். பின்னந்தலையை ஏந்திப் பிடிக்கும் பட்டை இருப்பதால் அந்தப் பாரம் உறுத்துவதில்லை.

அப்படியானால் அபிப்பிராயத்தை விட்டுவிட்டு எண்களை ஒப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 2016-ல் ஆக்குலஸ் ரிஃப்ட்டில் இரு கண்ணுக்கும் சேர்த்து 2160×1200 புள்ளிகள். அதே ஆண்டு வந்த பிளேஸ்டேஷன் விஆரில் 1920×1080. எண்ணில் குறைந்த பிளேஸ்டேஷனில்தான் வலை போர்த்திய தோற்றம் குறைவு. அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழுதாக இருந்தன. ரிஃப்ட்டின் திரையில் பக்கத்துப் புள்ளிகள் சிவப்பையும் நீலத்தையும் பங்கிட்டுக்கொண்டன. கண்ணுக்குத் தெரிந்த இந்த உண்மை விவர அட்டையில் தலைகீழாகக் கிடந்தது. ஆகவே அணிந்து பார்த்தவரின் சொல் தேவைதான். ஆனால் அவர் மூக்குக்கண்ணாடி போடுகிறவரா, லென்ஸ் இடைவெளியை எந்த அளவில் வைத்தார், அதற்குச் சற்றுமுன் எந்த ஹெட்செட்டை அணிந்திருந்தார் என்பதும் அந்தச் சொல்லோடு வர வேண்டும். குவெஸ்ட் 3-ஐக் கழற்றிய கையோடு குவெஸ்ட் 2-ஐ மாட்டினால் எவருக்கும் அது மங்கல்தான்.

முதல் அனுபவம் பிடிக்காவிட்டால் யாரும் இரண்டாம் முறை தொடமாட்டார்கள், எனவே அதுவே தீர்ப்பு என்பது வலுவான வாதம். நம் பக்கத்தில் அந்த முதல் அனுபவம் பெரும்பாலும் கைபேசியைச் செருகும் பெட்டிதான் என்பதால் இதைத் தட்டிவிட முடியாது. 2023-ல் ஜியோடைவ் 1,299 ரூபாய்க்கு வந்தது. அப்போது ஐபிஎல் ஆட்டத்தைச் சுற்றிலும் பார்க்க அது போதுமானதாக இருந்தது. ஆனால் இந்த வகைப் பெட்டி தலை திரும்புவதை மட்டுமே அறியும். உடல் முன்னால் சாய்வதை அறியாது. கைபேசியில் கைரோஸ்கோப் இல்லையென்றால் திரும்புவதும் தடுமாறும். அதில் ரோலர்கோஸ்டர் காணொளியைப் போட்டுக் காட்டினால் காட்சி பாய்கிறது, உடல் நாற்காலியிலேயே இருக்கிறது, குமட்டல் வருகிறது. நின்ற இடத்தில் நின்று ஆடும் பீட் சேபர் விளையாட்டைக் குவெஸ்ட்டில் ஆடியவர் பலருக்கு அந்தத் தொல்லையே இருக்காது. இந்த இருவரின் அபிப்பிராயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது ஒப்பீடு ஆகாது.

குளிரூட்டிய அறைகளில் எடுக்கப்படும் ஹெட்செட் விமர்சனக் காணொளிகள் கரிசல் வெயிலைக் கணக்கில் கொள்வதில்லை. சித்திரை, வைகாசியில் முகத்தை ஒட்டும் பஞ்சு வியர்வையை உறிஞ்சி ஊறிவிடும். துடைக்கக்கூடிய சிலிகான் உறை இல்லாமல் வீட்டில் நாலு பேர் மாற்றி மாற்றி ஆட முடியாது. கரிசல் புழுதி படிந்த பிளாஸ்டிக் லென்ஸை வேட்டித் தலைப்பால் துடைத்தால் கீறல் விழும். எல்லாவற்றையும்விட ஆபத்து வெயில்: திண்ணையில் லென்ஸ் மேல்நோக்க வைத்தால், அது சூரிய ஒளியைக் குவித்துச் சில நொடிகளிலேயே உள்ளே இருக்கும் திரையில் ஆறாத பொட்டு வைத்துவிடும்.