நிழலும் மருந்தே

தாராபுரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அமராவதிக் கரையில் நெல் முற்றுவதும், மேட்டு நிலங்களில் முருங்கை காய்ப்பதும் அந்த வெயிலால்தான். பங்குனி, சித்திரை மாதங்களின் உச்சி வேளையில் இங்குப் புறஊதாக் கதிர்க் குறியீடு 11ஐத் தொடுவது அரிதன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அது மிகக் கடுமையான நிலையாகும். எனினும் நாங்கள் வெயிலுக்குப் பழகியவர்கள். அதே வெயில் ஒருவரது நோயைத் தூண்டவும் கூடும் என்பதை என் அக்காவின் வாழ்க்கையிலிருந்தே அறிந்தேன்.

அக்கா, திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் துணியின் தரம் பார்க்கும் பணியில் இருந்தார். அவருடைய இருபத்து நான்காம் வயதில், இரு கன்னங்களிலும் மூக்கின் மேலும் பட்டாம்பூச்சி சிறகு விரித்தாற்போலச் செந்தடிப்பு தோன்றியது. மூட்டுகள் வலித்தன, அடிக்கடி காய்ச்சல் கண்டது. வீட்டுப் பெரியவர்கள் அக்கி எனக் கருதிக் காவிக்கல் குழைத்து எழுதச் செய்தனர். தடிப்பு தணியும், சில வாரங்களில் மீண்டும் வரும். தொற்றிக்கொள்ளுமோ என்று அஞ்சிய உறவினர் சிலர், அவர் நீர் அருந்திய குவளையைத் தனியே எடுத்து வைத்தனர். தடிப்பைவிட அக்குவளையே அவரை மிகுதியாக வருத்தியது.

கோவையில் ஒரு மருத்துவர், இரத்தப் பரிசோதனைகளுக்குப் பின் நோயின் பெயரைக் கூறினார்: லூபஸ். இலத்தீன் மொழியில் இச்சொல்லுக்கு ஓநாய் என்பது பொருள். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்குவது இந்நோயின் இயல்பு. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களுள் பெரும்பாலோருக்கு 15 முதல் 45 வயதிற்குள் நோய் தொடங்குகிறது.

“மாத்திரையை நிறுத்தக்கூடாது, அம்மணி. வெயிலிலும் நிற்கக்கூடாது” என்றார் மருத்துவர்.

“வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு வெயில் ஆகாதா?” என்று எங்கள் அம்மாயி கேட்டார். அறிவியல் நெடுங்காலம் விடை தேடிய வினா அது.

1801ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஜேனா நகரில் யோகான் ரிட்டர், நிறமாலையில் ஊதா நிறத்திற்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் புலப்படாத இடத்தில் சில்வர் குளோரைடு விரைந்து கருப்பதைக் கண்டார். அங்கு விழுந்தவையே புறஊதாக் கதிர்கள். அவற்றுள் 280 முதல் 315 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்டவை ‘பி’ வகை. 315 முதல் 400 வரையிலானவை ‘ஏ’ வகை. ‘ஏ’ வகை, சன்னல் கண்ணாடியையும் பெருமளவு கடந்து வரும். தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்திய நீல்ஸ் ஃபின்சன், 1903இல் நோபல் பரிசு பெற்றார். அக்காசநோய்க்கும் லூபஸ் என்னும் பெயர் உண்டு. பெயர் ஒன்று, நோய் வேறு. ஒன்றுக்கு மருந்தான ஒளி, மற்றொன்றுக்குத் தூண்டுகோலாயிற்று.

1990இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், நோயாளிகள் 128 பேரின் தோலில் சிறு பகுதியில் மட்டும் இருவகைக் கதிர்களையும் செலுத்திப் பார்த்தனர். ஒரு பகுதியினருக்கு அவ்விடத்தில் நோயின் தடிப்பு தோன்றியது. ஆனால் உடனே அன்று, பல நாள்கள் கழித்தே. வெயிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை நோயாளிகளே உணராமற் போவதற்கு இக்கால இடைவெளி ஒரு காரணம். 1994இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் உள்ளே நிகழ்வதைக் காட்டினர். கதிர் பட்டு மடியும் தோல் செல்களில், உட்கருவில் இருந்த பொருள்கள் செல்லின் மேற்பரப்பில் சிறு புடைப்புகளாகத் திரள்கின்றன. நலமான உடல் இத்தகைய செல்களை ஓசையின்றி அகற்றிவிடும். லூபஸ் உள்ளவர் உடலிலோ, அப்பொருள்களையே பகையாகக் கருதும் எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. அழற்சி மூள்கிறது, சிலருக்கு அது தோலோடு நில்லாமல் மூட்டு, சிறுநீரகம் வரையும் செல்லக்கூடும்.

அக்கா, மருந்துடன் தம் தொழிலறிவையும் துணைக்கொண்டார். பின்னல் துணி கண்ணிகளால் ஆனது. கண்ணிகளின் இடைவெளியே கதிரின் வழி. மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி கதிரை ஓரளவு உள்ளே விடும். நனைந்தாலோ இன்னும் மிகுதியாக விடும். நெருக்கமான, அடர்நிறத் துணி நன்கு காக்கும். புறஊதாக் காப்பு எண் 50 கொண்ட துணி, ஐம்பதில் ஒரு பங்கு கதிரையே உள்ளே விடும். எண் குறிக்கப்படாத துணியைக் கடை வாசலுக்குக் கொணர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பின்னரே அக்கா வாங்குவார். “கண்ணுக்கு வெளிச்சம் தெரிஞ்சா, தோலுக்கும் கதிர் போகும், கண்ணு” என்பார். மழையில்லா நாளில் கருங்குடையுடன் நடப்பவரைப் பார்த்துத் தெரு நகைத்ததுண்டு. அவர் குடையை மடக்கியதில்லை.

ஆண்டுகள் பல கழிந்து, என் வகுப்பிற்கு அதே நோயுடைய மாணவி ஒருத்தி வந்தாள். காலை வழிபாட்டின்போது அவள் மட்டும் தாழ்வாரத்தில் நின்றாள். “அவளுக்கு மட்டும் ஏன் சலுகை?” என்று சிலர் வினவினர். அவளுடைய இசைவுடன், மேலே எழுதியவற்றை வகுப்பில் விளக்கினேன். மறுவாரம் வகுப்புத் தலைவி என்னிடம் வந்து, வரிசை முழுவதையும் தாழ்வாரத்திற்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். அன்று முதல் நாற்பது பேரும் நிழலில் நின்று பாடினர். மற்றவர்களுக்கு அதனால் குறைந்தது ஒன்றுமில்லை. அவள் தனியே நிற்பது மட்டும் நின்றது.